‘செய்தான்’ என்னும் வாய்பாடு: அரபு வினைகள் குறித்த கேள்விகளுக்குப் பதில்

அண்மையில் வந்த கடிதங்களில் அரபு வினைச்சொற்களைப் பற்றிய கேள்விகள் பல இருந்தன. ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் ஆறு கேள்விகளை இங்கே சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது சில ஒலிகளின் வேறுபாடு மறைந்துவிடும். அந்த வேறுபாடு முக்கியமாகும் இடங்களில் மட்டும் அதை விளக்கிச் சொல்கிறேன்.

கேள்வி: ‘எழுதினான்’ என்பதை எழுது + இன் + ஆன் என்று பிரிக்கிறோம். அரபியில் ‘கதப’ என்றால் எழுதினான், ‘காதிப்’ என்றால் எழுதுபவர், ‘கிதாப்’ என்றால் நூல் என்கிறார்கள். இவற்றில் பகுதி எது, விகுதி எது? எங்கே பிரிப்பது? (கல்லூரி மாணவி, திருச்சி)

பிரிக்கும் இடத்தைத் தேடுவதை விட்டுவிட்டால்தான் அரபு வினை பிடிபடும். தமிழில் பகுதி முன்னே நிற்க, இடைநிலையும் விகுதியும் அதன் பின்னே வரிசையாக வந்து சேர்கின்றன. அதனால்தான் நன்னூல் வழியில் பகுபத உறுப்புகளாகச் சொல்லைப் பிரித்து எழுத நமக்கு முடிகிறது. அரபியில் பொருளின் கரு பெரும்பாலும் மூன்று மெய்களில் இருக்கிறது. நீங்கள் காட்டிய மூன்று சொற்களிலும் க், த், ப் என்னும் மெய்கள் அதே வரிசையில் நிற்பதைப் பாருங்கள். அவற்றுக்கு இடையே எந்த உயிர் வருகிறது, அது குறிலா நெடிலா, எந்த மெய் இரட்டிக்கிறது, முன்னே எந்த அசை சேர்கிறது என்பவைதான் அந்தக் கருவை வினையாகவோ, வினை செய்பவராகவோ, செய்யப்பட்ட பொருளாகவோ ஆக்குகின்றன. ‘கதப’ எழுதினான், ‘குதிப’ எழுதப்பட்டது, ‘யக்துபு’ எழுதுகிறான், ‘மக்தூப்’ எழுதப்பட்டது, கடிதம், ‘மக்தப்’ எழுதும் இடம். செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் இடையே, அதாவது ‘கதப’வுக்கும் ‘குதிப’வுக்கும் இடையே, உயிரெழுத்துகள் மாறியதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. நம்முடைய ‘எழுதப்பட்டது’ என்ற சொல்லின் நீளத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த ஒலியமைப்பை அரபு இலக்கணிகள் ‘வஸ்ன்’ என்றார்கள். எடை என்பது அதன் பொருள். எடை போடுவதற்கு ஒரு படிக்கல் வேண்டுமல்லவா? அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்த சொல் ‘ஃபஅல’. ‘செய்தான்’ என்பது அதன் பொருள். ‘காதிப்’ என்பது ‘ஃபாஇல்’ எடை, ‘மக்தூப்’ என்பது ‘மஃப்ஊல்’ எடை என்று எந்தச் சொல்லையும் இந்த ஒரு வினையின் உருவத்தை வைத்தே அளப்பார்கள். வேரின் முதல் மெய்க்கு ‘ஃபா’ என்றும், நடு மெய்க்கு ‘ஐன்’ என்றும், கடைசி மெய்க்கு ‘லாம்’ என்றும் பெயர் வைத்ததும் இந்தப் படிக்கல்லிலிருந்துதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. ‘உண்டு வந்தான்’, ‘ஓடி வந்தான்’ ஆகியவற்றில் வரும் எச்சங்களை ‘செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்றே நாம் படிக்கிறோம். தொல்காப்பியர் எச்சங்களை வகுக்கும்போது எடுத்துக்கொண்ட மாதிரி வினையும் ‘செய்’ என்பதே. செயல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது செய்தல் என்ற எண்ணம், ஒன்றையொன்று அறியாத இரண்டு இலக்கண மரபுகளில் தனித்தனியாகத் தோன்றியிருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. யாப்பிலும் இதே ஒற்றுமை உண்டு: நாம் சீரைத் தேமா, புளிமா என்று மாதிரிச் சொற்களால் அளக்கிறோம், அரபு யாப்பில் ‘ஃபஊலுன்’, ‘மஃபாஈலுன்’ என்று அதே ஃபா, ஐன், லாம் என்னும் எழுத்துகளால் அளக்கிறார்கள். ஆகவே ‘வஸ்ன்’ என்பதற்கு இந்தப் பகுதியில் ‘வாய்பாடு’ என்ற சொல்லையே பயன்படுத்தப்போகிறேன்.

கேள்வி: ‘மாமூல்’, ‘அமல்’ இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது உண்மையா? (வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், திண்டுக்கல்)

உண்மை. ஐன், மீம், லாம் என்னும் மூன்று மெய்கள்தான் இரண்டிலும் உள்ளன. ‘அமல்’ என்றால் செயல். அதையே ‘மஃப்ஊல்’ வாய்பாட்டில் வார்த்தால் ‘மஅமூல்’, அதாவது செய்யப்படுவது, வழக்கமாக நடப்பது. பாரசீகம், உருது வழியாக இங்கே வந்து சேர்வதற்குள் ஐன் என்னும் தொண்டை ஒலி தேய்ந்து, அது நின்ற இடத்தில் முன்னிருந்த அகரம் நீண்டு ‘மாமூல்’ ஆயிற்று.

உங்கள் பழைய அலுவலகக் கோப்புகளிலேயே அரபு வாய்பாடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ‘வாரிசு’, ‘பாக்கி’, ‘ஆஜர்’ மூன்றும் ‘ஃபாஇல்’ வாய்பாடு: மரபுரிமை பெறுபவர், எஞ்சி நிற்பது, முன்னிலையில் இருப்பவர். மூன்றின் முதலெழுத்தும் நெடிலாக இருப்பது தற்செயல் அல்ல. ‘மகசூல்’ என்பது மாமூலைப் போலவே ‘மஃப்ஊல்’. திரட்டப்பட்டது என்று பொருள். அதே வேரை ‘தஃப்ஈல்’ வாய்பாட்டில் வார்த்தால் ‘தஹ்ஸீல்’, திரட்டுதல். தாசில்தாரின் ‘தாசில்’ அதுதான். விளைந்த மகசூலும் அதற்கு வரி திரட்டிய தாசிலும் ஒரே வேரின் இரண்டு வார்ப்புகள்.

கேள்வி: ‘அலிம’ என்றால் அறிந்தான், நடு மெய்யை இரட்டித்து ‘அல்லம’ என்றால் அறியச்செய்தான், கற்பித்தான் என்று படித்தேன். நம்முடைய ‘ஓடு – ஓட்டு’, ‘மாறு – மாற்று’ போலவே இருக்கிறதே. இரு மொழிகளுக்கும் உறவு உண்டா? (தமிழாசிரியர், மதுரை)

உறவு இல்லை, அரபு செமிட்டிய மொழி, தமிழ் திராவிட மொழி. ஒற்றுமை தோற்றத்தில் மட்டுமே உள்ளது, அமைப்பில் இல்லை. ‘ஓட்டு’ என்பதில் இரட்டிப்பது பகுதியின் கடைசி மெய். பிறவினைக்கான ஓர் ஒட்டு அங்கே வந்து கலந்ததன் விளைவு அது என்று திராவிட மொழியியலார் விளக்குகின்றனர். அரபியில் வேரின் நடு மெய் இரட்டிக்கிறது. வெளியிலிருந்து எந்த மெய்யும் வந்து சேர்வதில்லை.

அரபியில் இந்த இரட்டிப்பு பிறவினைக்கு மட்டும் உரியதும் அன்று. ‘கஸர’ உடைத்தான், ‘கஸ்ஸர’ உடைத்து நொறுக்கினான். இங்கே அழுத்தம் கூடுகிறதே தவிரப் பிறவினை ஆகவில்லை. இரட்டிப்பது ஒரு வாய்பாடு என்றால், முதல் உயிரை நீட்டுவது இன்னொன்று: ‘கதல’ கொன்றான், ‘காதல’ எதிர்த்துப் போரிட்டான். ‘இன்’ என்று முன்னே சேர்த்தால் செயல் தானே நிகழ்ந்ததாகிவிடும்: ‘இன்கஸர’ உடைந்தது. ‘இஸ்த’ சேர்ந்தால் பெரும்பாலும் வேண்டுதல் பொருள் வரும்: ‘கஃபர’ மன்னித்தான், ‘இஸ்தக்ஃபர’ மன்னிப்பு வேண்டினான், தமிழ் முஸ்லிம்கள் சொல்லும் ‘இஸ்திக்ஃபார்’ இந்த வாய்பாட்டின் தொழிற்பெயர். மூன்று மெய் வேருக்கு வழக்கமாகப் பத்து வினை வாய்பாடுகளைக் கணக்கிடுவார்கள். எல்லா வேரும் எல்லா வாய்பாட்டிலும் வராது. வாய்பாட்டை அறிந்ததும் பொருளைத் துல்லியமாக ஊகித்துவிடலாம் என்று நம்பவும் கூடாது. அகராதியைப் பார்க்காமல் தீராது.

கேள்வி: இங்கே தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு நீண்ட காலம் ‘எத்திசலாத்’ என்று பெயர் இருந்தது. ‘தொடர்புகள்’ என்று பொருளாம். அதன் வேர் ‘வஸல’ என்று உடன் பணிபுரியும் அரபு நண்பர் சொல்கிறார். அப்படியானால் அந்த வகரம் எங்கே போயிற்று? (வாசகர், ஷார்ஜா)

உங்கள் நண்பர் சொல்வது சரி. வாவ், ஸாத், லாம் என்பது வேர். சேர்தல், இணைதல் என்பது பொருள். நம் ஊரில் கடன் ‘வசூல்’ ஆயிற்று என்கிறோமே, அதுவும் இதே வேர்தான்: வந்து சேர்தல்.

இந்த வேரை எட்டாம் வாய்பாடாகிய ‘இஃப்தஅல’வில் வார்க்க வேண்டும். இந்த வாய்பாட்டின் அடையாளம், வேரின் முதல் மெய்க்கு உடனே பின்னே நுழையும் ஒரு தகரம். அப்படி வார்த்தால் ‘இவ்தஸல’ என்று வர வேண்டும். வகர ஒற்றும் தகரமும் அடுத்தடுத்து நிற்பதை அரபு நாக்கு இந்த இடத்தில் ஏற்பதில்லை. வகரம் தன்னை விட்டுக்கொடுத்துத் தகரமாகவே மாறி ‘இத்தஸல’ ஆகிறது. அதன் தொழிற்பெயர் ‘இத்திஸால்’, பன்மை ‘இத்திஸாலாத்’. உங்கள் வளைகுடா விமானப் பயணத்தில் பார்த்திருக்கக்கூடிய ‘எதிஹாத்’ என்ற பெயரும் இப்படித்தான். ‘வாஹித்’, ஒன்று என்பதன் வேரிலிருந்து ‘இத்திஹாத்’, ஒன்றியம். இரட்டித்த தகரத்தின் முதல் பாதியில்தான் தொலைந்துபோன வகரம் இருக்கிறது.

இந்தத் தகரம் வகரத்தை மாற்றுவது மட்டுமல்ல, சில இடங்களில் தானும் மாறும். இதை இரண்டு பெயர்களில் காட்டுகிறேன்; இரண்டும் தமிழர் நன்கறிந்தவை. ஒன்று ‘முஸ்தபா’, மற்றொன்று ஹஜ் பயணிகள் இரவு தங்கும் ‘முஸ்தலிஃபா’. தமிழில் எழுதினால் இரண்டும் ‘முஸ்த’ என்றே தொடங்குகின்றன. அரபியில் இந்த இரண்டு ‘ஸ்’களும் ஒன்றல்ல, இரண்டு ‘த’க்களும் ஒன்றல்ல, இரண்டு சொல்லிலும் வந்திருப்பது எட்டாம் வாய்பாட்டின் அதே தகரம்தான் என்பதுதான் இதில் அழகு.

முஸ்தபா என்பதில் வேரின் முதல் மெய் ‘ஸாத்’: நாவின் பின்பகுதியை உயர்த்திக் கனமாக ஒலிக்கும் ஸகரம். அந்தக் கனம் அடுத்து நிற்கும் தகரத்தின்மீதும் பரவி, அதை ‘தா’ என்னும் கனத்த தகரமாக்கிவிட்டது. முஸ்தலிஃபாவின் வேரில் முதல் மெய் ‘ஸாய்’: வண்டின் ரீங்காரத்தைப் போலக் குரல்நாண் அதிர ஒலிப்பது. அந்த அதிர்வு தகரத்துக்கும் பரவி, அது ‘தால்’ ஆயிற்று. இந்த வேறுபாட்டை நம் வாயாலேயே உணரலாம். ‘தந்தை’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் தகரம் அதிர்வற்றது. நகர ஒற்றுக்குப் பின் வரும் இரண்டாம் தகரம் அதிர்வுடையது. தமிழில் இது இடத்தைப் பொறுத்துத் தானே நிகழ்வதால் இரண்டுக்கும் ஒரே எழுத்துப் போதுமானதாக இருக்கிறது. அரபியில் இந்த வேறுபாடு பொருளையே மாற்றும் என்பதால், மாறிய ஒலிக்குரிய எழுத்தையே எழுதியாக வேண்டும்.

திருக்குர்ஆனின் 54ஆம் அத்தியாயத்தில் ஆறு முறை திரும்பத் திரும்ப வரும் ‘முத்தகிர்’ என்ற சொல்லில் இந்த மாற்றம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘திக்ர்’ என்பதன் வேரிலிருந்து, நினைந்து உணர்பவர் என்ற பொருளில் பிறந்த சொல் அது. அங்கே வேரின் முதல் மெய்யாகிய ‘ஸால்’ தன் அதிர்வைத் தகரத்துக்குக் கொடுத்து அதைத் ‘தால்’ ஆக்கிவிட்டு, பிறகு தானும் அந்தத் தாலோடு கலந்து இரட்டித்துவிடுகிறது. முதலில் ஒன்று மற்றொன்றை மாற்றுகிறது. மாற்றப்பட்டது திரும்பி வந்து மாற்றியதையே மாற்றுகிறது.

நம் மொழியிலும் ‘உண்’ என்பதோடு இறந்தகாலத் தகரம் சேர்ந்தால் ‘உண்டான்’, ‘தின்’ என்பதோடு சேர்ந்தால் ‘தின்றான்’. நன்னூல் த், ட், ற் மூன்றையும் தனித்தனி இடைநிலைகளாகவே எண்ணியது. முன் நிற்கும் மெய்யின் இடத்துக்கு ஏற்பத் தகரமே டகரமாகவும் றகரமாகவும் ஆயிற்று என்பது இக்கால மொழியியலாரின் பார்வை.

கேள்வி: என் மகன் மதரஸாவில் ‘நஸர யன்ஸுரு, ளரப யள்ரிபு, ஃபதஹ யஃப்தஹு’ என்று மனப்பாடம் செய்கிறான். ஒன்றில் உகரம், ஒன்றில் இகரம், ஒன்றில் அகரம். பிறகு ‘கால யகூலு’ என்று முற்றிலும் வேறாக ஒன்று வருகிறது. இதற்கெல்லாம் காரணம் உண்டா, உருப்போடுவது மட்டும்தானா? (வாசகர், மேலப்பாளையம்)

உங்கள் மகன் ஓதுவது ‘பாப்’ எனப்படும் ஆறு வகைகளின் தொடக்கம். உகரமா இகரமா என்பதைப் பெரும்பாலும் உருப்போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் ‘ஃபதஹ யஃப்தஹு’ என்னும் மூன்றாவது வகைக்குக் காரணம் உண்டு. அதை மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

‘ஃபதஹ’ என்றால் திறந்தான். அதன் கடைசி மெய்யாகிய ‘ஹா’ தொண்டையில் பிறக்கிறது. அரபியில் தொண்டை ஒலிகள் ஆறு: ஹம்ஸா, ஹே, ஐன், ஹா, கைன், கா. வேரின் நடு மெய்யோ கடைசி மெய்யோ இவற்றில் ஒன்றாக இருந்தால், நிகழ்கால வினையில் பெரும்பாலும் அகரம் வரும்: ‘தஹப யத்ஹபு’ போகிறான், ‘ஸஅல யஸ்அலு’ கேட்கிறான். நான் படிக்கத் தொடங்கிய காலத்தில் என் ஆசிரியர் விளக்கத்தை வாயால் சொல்லவில்லை; என் கையை எடுத்து என் தொண்டையில் வைத்து, ‘ஹா’வை ஒலித்துக்கொண்டே இகரம் சொல் என்றார். நாக்கு மேலே எழ வேண்டியிருக்கிறது, தொண்டையோ கீழே இழுக்கிறது. அகரம் சொல் என்றார். எந்த முயற்சியும் தேவைப்படவில்லை. வாய் திறந்து நாக்கு தாழ்ந்திருக்கும் அகரம்தான் தொண்டை ஒலிகளுக்கு அண்டை வீடு. ‘தகல யத்குலு’, நுழைகிறான் என்பது போன்ற விலக்குகளும் உண்டு. தொண்டை ஒலி இருந்தால் அகரம் வந்தே தீரும் என்பது விதியல்ல. ஆனால் இந்த மூன்றாம் வகையில் வரும் வினைகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் தொண்டை ஒலி ஒன்று இருக்கும்.

‘கால’ பற்றிய கேள்வி இன்னும் சுவையானது. இது விலக்கே அல்ல என்பதுதான் என் பதில். அதன் வேர் காஃப், வாவ், லாம். அந்த வாவ் கற்பனை அல்ல என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு: ஒப்பந்தம் என்ற பொருளில் பழைய ஆவணங்களில் வரும் ‘கவுல்’ என்பது அரபியின் ‘கவ்ல்’, சொல் என்பதே, ‘கவ்வாலி’ பாடலிலோ அந்த வாவ் இரட்டித்தே ஒலிக்கிறது. ஆக ‘கதப’ போல இதுவும் ‘கவல’ என்றுதான் வார்க்கப்படுகிறது. இரண்டு அகரங்களுக்கு நடுவே சிக்கிய வகரம் அங்கே நிற்க வலுவின்றிக் கரைய, இரண்டு குறிலும் சேர்ந்து நெடிலாகி ‘கால’. ‘யக்துபு’ போல இது ‘யக்வுலு’ ஆக வேண்டும். வகரமும் உகரமும் ஒரே இனம் என்பதால் கலந்து ‘யகூலு’. ‘நான் எழுதினேன்’ என்பது ‘கதப்து’. அதே முறையில் ‘கால்து’ என்றால் நெடிலை அடுத்து லகர ஒற்றும் தகரமும் நெருக்குகின்றன. அரபு அசையமைப்பு சொல்லின் நடுவே இத்தகைய பளுவைத் தவிர்ப்பதால் நெடில் குறுகி ‘குல்து’, சொன்னேன். குறுகியபோது அகரமாகக் குறுகாமல் உகரமாகக் குறுகியதைக் கவனியுங்கள். கரைந்துபோன வகரம் தன் நிறத்தை அங்கே விட்டுச் சென்றிருக்கிறது.

நடு மெய் யகரமாக இருந்தால் எல்லாம் இகரத்தின் நிறம் பெறும்: ‘ஸார’ பயணம் செய்தான், ‘யஸீரு’, ‘ஸிர்து’. வாவையும் யாவையும் அரபு இலக்கணிகள் ‘நோயுற்ற எழுத்துகள்’ என்றார்கள். அவை நடுவே நிற்கும் வினைக்கு ‘உள்ளீடற்றது’ என்று பெயர் வைத்தார்கள். ‘அவிர’, ஒரு கண் பார்வை இழந்தான் என்பது போன்ற சில வினைகளில் வகரம் கரையாமல் நிற்பதையும் அவர்கள் கவனிக்கத் தவறவில்லை. அதே பொருளில் வரும் ‘இஅவர்ர’ என்னும் வடிவில் வகரத்துக்கு முன்னே உயிர் இல்லாததால் அது கரைய வழியில்லை. அந்த வடிவின் பொருளைத் தாங்குவதால் இதுவும் கரையவில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். மகனிடம் ‘கால’வை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், அதற்கு முன் ‘கவல’ என்று ஒரு முறை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்த மூன்று மெய்களும் சேர்ந்து வேர் ஆகலாமா? புதிய சொற்கள் எப்படி வேர் பெறுகின்றன? (வாசகி, கொழும்பு)

ஆக முடியாது என்பதை 8ஆம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் கண்டார். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே. இலக்கணப் பேராசான் ஸீபவைஹிக்கு ஆசிரியரும் அவரே. அகராதி ஒன்றைத் திட்டமிட்ட அவர், எழுத்துகளைத் தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும்படி வரிசைப்படுத்தினார். க, ச, ட, த, ப என்று நம் வல்லினம் உள்ளிருந்து உதட்டுக்கு வருவதைப் போன்ற வரிசை அது. முதலில் வைத்தது ஐன் என்பதால் நூலுக்கே ‘கிதாபுல் ஐன்’ என்று பெயர். மூன்று மெய்களை இடம் மாற்றி அடுக்கினால் ஆறு வேர்கள், நான்கை அடுக்கினால் இருபத்து நான்கு, ஐந்தை அடுக்கினால் நூற்றிருபது என்று கணக்கிட்டு, அவற்றில் வழக்கில் உள்ளவை எவை, கைவிடப்பட்டவை எவை என்று ஆராயும் முறையை அவர் வகுத்தார். அரபியின் 28 மெய்களில் வெவ்வேறான மூன்றை வரிசையாக எடுத்தால் 19,656 அடுக்குகள் வரும். மொழி பயன்படுத்துவது அதில் ஒரு பகுதியைத்தான்.

ஐனும் ஹாவும் பிறக்கும் இடம் மிக நெருக்கமானது என்பதால் ஒரே வேரில் சேர்ந்து வருவதில்லை என்றும், இரண்டு சொற்களைக் கலந்தால்தான் வர முடியும் என்றும் கலீல் குறித்தார். அதற்கு அவர் காட்டிய சான்று ‘ஹய்அல’ என்னும் வினை. பாங்கில் வரும் ‘ஹய்ய அலா’ என்ற அழைப்பைச் சொன்னான் என்பது அதன் பொருள். 1950இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் அரபு வேர்களை எண்ணிப் பார்த்து, ஒரே இடத்தில் பிறக்கும் மெய்கள் ஒரு வேரில் அருகருகே வருவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது என்று காட்டினார். அதில் ஒரு புதிரும் இருந்தது. இரண்டாம், மூன்றாம் மெய்கள் ஒன்றாகவே இருப்பது இயல்பு: ‘மத்த’, நீட்டினான். முதல் இரண்டு மெய்கள் ஒன்றாக இருப்பதோ மிக அரிது. வேரில் உண்மையில் இரண்டு மெய்களே இருக்கின்றன, வாய்பாட்டின் மூன்று இடங்களை முதலிலிருந்து நிரப்பிக்கொண்டு வரும்போது மிஞ்சும் கடைசி இடத்தில் இரண்டாவது மெய்யே பரவிக்கொள்கிறது என்று 1979இல் மொழியியலாளர் ஜான் மெக்கார்த்தி தம் ஆய்வேட்டில் விளக்கினார். பரவல் எப்போதும் சொல்லின் கடைசியை நோக்கியே செல்வதால் இரட்டைகள் கடைசியில் மட்டும் கிடைக்கின்றன.

புதிய சொல் வந்தால் அதன் மெய்களைத் தனியே எடுத்து வாய்பாட்டில் இட்டுவிடுகிறார்கள். நான்கு மெய்களுக்கு ‘ஃபஅலல’ என்னும் வாய்பாடு முன்பே இருந்தது. மொழிபெயர்த்தான் என்னும் ‘தர்ஜம’, தமிழ் முஸ்லிம்கள் ‘தர்ஜமா’ என்று சொல்வதன் வினை, அந்த வாய்பாட்டில் அமைந்ததே. ‘டெலிஃபோன்’ என்பதிலிருந்து த், ல், ஃப், ன் எடுத்து ‘தல்ஃபன’, தொலைபேசியில் அழைத்தான். ‘டெலிவிஷன்’ அரபியில் ‘திலிஃபிஸ்யூன்’ ஆனபோது அதில் மெய்கள் கூடுதல். அவற்றில் த், ல், ஃப், ஸ் நான்கையும் வைத்துக்கொண்டு, கடைசி னகரத்தையும் இடையில் வந்த யகரத்தையும் விட்டுவிட்டு, ‘தல்ஃபஸ’, தொலைக்காட்சியில் ஒளிபரப்பினான் என்று வார்த்துக்கொண்டார்கள்.